சிரமத்தின் கர்வம்

பிரெஞ்சு தேசத்தில் லுவார் நதிக்கரையோடு சைக்கிளில் யாத்திரை போக விரும்புகிறவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் யோசனை ஒன்று கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆற்றோடு போகாதீர்கள், ஆற்றை எதிர்த்துப் போங்கள் என்பார்கள். ஆறு மலையில் பிறந்து கடலுக்குப் போகிறது. அதனோடு கூடப் போனால் இறக்கம்தானே, மிதிப்பது சுலபம்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்தச் சமவெளியில் இறக்கம் என்பது பெயருக்குத்தான். நெவேர் என்ற ஊருக்கு அருகே தொடங்கி அட்லாண்டிக் சமுத்திரக் கரைவரை அந்தச் சைக்கிள் பாதை சுமார் 900 கிலோமீட்டர் நீள்கிறது. நடுவே சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் உண்டு. மொத்தத்தில் அவ்வளவு தூரத்துக்கும் சேர்த்து நிலம் தாழ்வது 200 மீட்டர்கூட இல்லை. காற்றோ பெரும்பாலான நாட்களில் மேற்கே கடலிலிருந்து வீசுகிறது. ஆகையால் ஆற்றோடு போகிறவனின் முகத்தில் காற்று அறைகிறது. ஆற்றை எதிர்த்துப் போகிறவனை அது முதுகில் கைவைத்துத் தள்ளிக் கொடுக்கிறது.

கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவனுக்கு இது தெரியாது. ஆற்றோடு போகிறவனைச் சுகவாசி என்றும், எதிர்த்து வருகிறவனைத் தீரன் என்றும் அவன் நினைத்துக் கொள்ளலாம். உண்மை அதற்கு நேர் மாறாக இருக்கும். ஒருவன் எவ்வளவு சிரமப்படுகிறான் என்பதை வெளியே நின்று எடை போடுவது அவ்வளவு எளிதல்ல. இருந்தும் நாம் ஓயாமல் செய்து கொண்டிருப்பது அந்தக் காரியத்தைத்தான். அதோடு நிற்பதும் இல்லை. சிரமப்பட்டவனுக்குத்தான் சுகப்பட உரிமை உண்டு என்று தீர்ப்பும் சொல்லி விடுகிறோம். அந்தத் தீர்ப்பு சரியா? கஷ்டப்படாமல் கிடைத்த இன்பத்துக்கு மனிதன் பாத்திரமானவன் அல்லவா? இந்தக் கேள்வியைச் சிந்திக்க அந்த நதிக்கரைப் பாதையைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது.

முதலில் பாதையைக் கொஞ்சம் பார்த்து விடலாம். லுவார்தான் பிரான்ஸ் தேசத்தின் மிக நீளமான நதி. ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடுகிறது. தெற்கே மலைப் பிரதேசத்தில் பிறந்து வடக்கு நோக்கி வந்து, ஓர்லேயான் நகரத்துக்கு அருகே மனத்தை மாற்றிக் கொண்டதைப் போல மேற்கே திரும்பி விடுகிறது. அகலமான நதி, ஆழம் குறைவு. கோடையில் மணல் திட்டுகள் வெளியே தெரியும், பறவைகள் அவற்றில் முட்டையிடும். கரையில் வெண்மையான மென்கல்லால் கட்டிய வீடுகள், கறுத்த பலகைக்கல் கூரைகள். அந்த வெண்கல்லை வெட்டியெடுத்த குன்றுகளில் குகைகள் மிஞ்சின. அவற்றில் மனிதர்கள் குடியிருந்தார்கள், திராட்சை மதுவை வைத்தார்கள், காளான் வளர்த்தார்கள். சோமூர் நகரத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் சைக்கிள் பாதையே குன்றைக் குடைந்த தெரு வழியாகப் போகிறது. பிரியார் என்ற ஊரில் ஆற்றின் மேலே இன்னொரு நீர்வழி பாலமாகப் போகிறது. 1896-ல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் 662 மீட்டர். கீழே நதி, மேலே கால்வாயில் படகு, படகுக்குப் பக்கத்தில் மனிதர்கள் நடந்து போவார்கள். அம்புவாஸ் நகரத்தில் லியொனார்டோ டா வின்சி 1519-ல் கண்ணை மூடிய வீடு இருக்கிறது. ராஜாக்களும் பிரபுக்களும் கட்டிய மாளிகைகளுக்குக் கணக்கே இல்லை. ஸ்யுல்லி முதல் ஷாலோன் வரை சுமார் 280 கிலோமீட்டர் பகுதியை 2000-ம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சொத்தாக யுனெஸ்கோ ஏற்றுக் கொண்டது.

இந்தப் பாதையில் இப்போது இரண்டு வகைச் சைக்கிள்களைப் பார்க்கலாம். ஒன்று காலால் மட்டும் மிதிப்பது. இன்னொன்றில் மின்சார மோட்டார் ஒன்று ஒளிந்திருக்கிறது. மிதித்தால்தான் அதுவும் உதவும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் உதவியை நிறுத்திக் கொள்ளும். அதுதான் ஐரோப்பாவின் சட்டம். எதிர்க்காற்றில் பல்லைக் கடித்துக் கொண்டு குனிந்து மிதிக்கும் ஒரு வாலிபனை, தலை நரைத்த தம்பதிகள் பேசிக் கொண்டே நிமிர்ந்த முதுகோடு தாண்டிப் போகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அவன் மனத்தில் என்ன எழும்? "ஏமாற்று வேலை" என்ற சொல்தான் எழும். அவர்கள் யாரை ஏமாற்றினார்கள் என்று கேட்டால் அவனுக்குப் பதில் தெரியாது. ஆனாலும் ஏதோ அநீதி நடந்து விட்டதாக அவனுக்குத் தோன்றுவது நிச்சயம்.

இது புதிய சண்டை அல்ல. நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே இதே தேசத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் இதற்கு இரண்டு பக்கத்திலும் நின்றார்கள்.

ஒருவர் போல் த விவி. 1853-ல் பிறந்தவர். லுவாரில் போய்ச் சேரும் ஃப்யூரான் என்ற சிற்றாற்றின் கரையில் ஸான் எத்தியென் என்ற தொழில் நகரம் இருக்கிறது. அங்கே பட்டு வியாபாரம் செய்து கொண்டிருந்தவர், சைக்கிள் மோகம் பிடித்து வியாபாரத்தை விட்டுச் சைக்கிள் கடை வைத்தார். 1887-ல் சைக்கிளுக்காக ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். வெலோஸியோ என்பது அவர் எழுத வைத்துக் கொண்ட புனைபெயர். பந்தயத்துக்காக அல்லாமல் ஊர்களையும் மலைகளையும் பார்ப்பதற்காகச் சைக்கிள் ஓட்டுவது என்ற எண்ணத்துக்கு அந்த நாட்டில் அவரையே தந்தை என்று சொல்கிறார்கள். மாமிசம் உண்ணாதவர், பழைய லத்தீன், கிரேக்க நூல்களில் ஊறியவர். சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. இரவு பகல் பாராமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலைகளில் மிதித்தவர். ஆனால் ஒரே ஒரு பல்சக்கரத்தை வைத்துக் கொண்டு சமவெளியையும் மலையையும் மனிதன் ஒரே மாதிரி மிதிக்க வேண்டும் என்பது அவருக்கு மடமையாகப் பட்டது. சங்கிலியைக் கையால் எடுத்து மாற்றிப் போடும் ஏற்பாட்டில் தொடங்கி, மேட்டுக்கு ஒன்று, சமதரைக்கு ஒன்று என்று கியர் மாற்றும் முறைகளைப் பரிசோதித்துக் கொண்டே இருந்தார். பத்திரிகையில் அதற்காக வாதாடிக் கொண்டும் இருந்தார்.

மற்றவர் ஆன்ரி தெக்ராஞ்ச். ஒரு மணி நேரத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் மிதித்து 1893-ல் சாதனை புரிந்தவர். பிறகு விளையாட்டுப் பத்திரிகை ஆசிரியராகி, 1903-ல் டூர் தெ பிரான்ஸ் என்ற புகழ்பெற்ற பந்தயத்தைத் தொடங்கியவர். கியர் மாற்றும் பொறியெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்பது அவருடைய அபிப்பிராயம். யந்திரத் தந்திரத்தால் ஜெயிப்பதைவிடத் தசையின் வலிமையால் ஜெயிப்பதுதான் ஆண்மை என்று அவர் எழுதினார். அவர் எழுத்து வெறும் எழுத்தாக நிற்கவில்லை, பந்தயத்தின் சட்டமாகவே ஆயிற்று. பல வருஷங்கள் அந்தப் பந்தயக்காரர்கள் மலையடிவாரத்தில் சைக்கிளை விட்டு இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலுள்ள பல்சக்கரத்தில் சங்கிலியை மாட்டிக் கொண்டு ஏற வேண்டியிருந்தது. தெக்ராஞ்ச் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு, 1937-ல்தான் கியர் மாற்றும் பொறிக்கு அனுமதி கிடைத்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1903-ல் முதல் பந்தயம் ஏறிய முதல் பெரிய மலைக் கணவாய், ஸான் எத்தியென் நகரத்துக்கு மேலே 1,161 மீட்டர் உயரத்தில் இருப்பது. அது வெலோஸியோ தம் நண்பர்களோடு மிதித்துப் பழகிய அதே மலை. ஒரே மேட்டை இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருவருக்கு அது பரீட்சையாகத் தெரிந்தது. மற்றவருக்கு அதற்கு அப்பால் இருப்பதைப் பார்க்கப் போகும் வழியாகத் தெரிந்தது.

தெக்ராஞ்ச் சொன்னதில் நியாயமே இல்லை என்று தள்ளி விட முடியாது. இருவரில் பலசாலி யார் என்று கண்டுபிடிப்பதற்காகத்தான் பந்தயம். அதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும். உபயோகிக்காத அங்கம் தேய்ந்து போகும் என்பதும் உண்மைதான். இவற்றைவிட ஆழமான நியாயம் ஒன்றும் அவர் பக்கம் இருக்கிறது. வியர்க்க வியர்க்க ஏறிப் போய்ப் பார்த்த ஊர், மோட்டார் வண்டியிலிருந்து இறங்கிப் பார்த்த ஊரைவிட அழகாக இருக்கிறது. இது அனுபவம், இதை மறுக்க முடியாது. அப்படியானால் அந்த அழகுக்குச் சிரமம்தானே விலை?

அங்கேதான் நாம் தவறான முடிவுக்கு வந்து விடுகிறோம் என்று நினைக்கிறேன். சிரமப்பட்டதனால் ஊர் அழகாகி விடவில்லை. சிரமப்பட்டு ஏறும்போது மெதுவாகப் போனோம். மெதுவாகப் போனதால் ஒரு மணி நேரம் அந்த ஊரைப் பார்த்துக் கொண்டே போனோம். முதலில் மாதா கோவில் கோபுரம், அப்புறம் கூரைகள், அப்புறம் ஒரு வீட்டு வாசலில் உலர்த்தியிருந்த துணி. நம்மை அந்த ஊருக்குச் சொந்தமாக்கியது அந்தப் பார்வைதான். வலி வெறுமே கூட வந்த சகபிரயாணி.

சந்தேகமாக இருந்தால் ஒரு சாட்சி உண்டு. 1903 பந்தயத்தின் கடைசிக் கட்டம் லுவார் நதிக்கரையிலுள்ள நாந்த் நகரத்திலிருந்து பாரிஸுக்கு. தூரம் 471 கிலோமீட்டர். இரவில் புறப்பட்டு, ஒரே மூச்சில் மிதித்து, ஜெயித்தவர் சுமார் 18 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். ஒற்றைக் கியர், கரடுமுரடான சாலை, தூக்கமில்லாத கண். அவர்களைவிட அதிகமாக அந்தப் பாதையில் கஷ்டப்பட்டவர்கள் யார்? கஷ்டம்தான் விலை என்றால், வழியிலிருந்த ஊர்களின் அழகு முழுவதும் அவர்களுக்கே சொந்தமாகியிருக்க வேண்டும். ஆனால் இருட்டில் தாண்டிய ஊர்களின் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? முன்னால் போகிறவனின் சக்கரம்தான் தெரிந்திருக்கும். அதில் குற்றமில்லை, அவர்கள் வந்த காரியம் வேறு. ஆனால் அந்தக் காரியத்தின் சட்டத்தை, பார்ப்பதற்காகப் போகிறவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். "என் சொந்தக் காலால் வந்தேன்" என்று அந்தப் பாதையில் யார் சொல்லிக் கொள்ள முடியும்? லுவார் அமைதியாகத் தோன்றும் நதி. ஆனால் சீறினால் பொல்லாதது. 1846, 1856, 1866 என்று இருபது வருஷத்துக்குள் மூன்று முறை பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வந்த உயரத்தைக் கரையோர ஊர்ச் சுவர்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தடுக்க இடைக்காலத்திலிருந்தே மனிதர்கள் நதியின் இரு பக்கமும் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி வந்திருக்கிறார்கள். வெள்ளம் உடைத்தது, மறுபடி எழுப்பினார்கள். அந்தக் கரையின் மேலேதான் இன்றைய சைக்கிள் பாதை பல இடங்களில் போகிறது. பாதை ஏன் இவ்வளவு மட்டமாக, இவ்வளவு சுகமாக இருக்கிறது? யாரோ பல நூறு வருஷங்களாகக் கூடையில் மண் சுமந்தார்கள் என்பதனால். நம் கால்கள் மிச்சம் பிடிக்கும் சிரமத்தை அவர்கள் தோள்கள் முன்பே பட்டு விட்டன. மோட்டார் உதவியோடு போகிற கிழவரைப் பார்த்து வாலிபன் சிரிக்கிறானே, அவன் சக்கரத்துக்கு அடியில் இருப்பதும் பிறர் செய்த உதவிதான். ஒரு உதவி கண்ணுக்குத் தெரிகிறது; மற்றொன்று பழகிப் போய் மறந்து விட்டது.

உதவியெல்லாம் இலவசம் என்றும் நான் சொல்ல வரவில்லை. அதே நதிக்கரையில், அதே அழகான பாதையில் போகிறவர்கள் நான்கு அணுமின் நிலையங்களைப் பார்க்கலாம். பெல்வில், தாம்பியேர், ஸான் லொரான், ஷினோன் ஆகிய இடங்களில் அவை இருக்கின்றன. அந்தத் தேசத்து மின்சாரத்தின் பெரும் பகுதி அப்படிப்பட்ட நிலையங்களிலிருந்துதான் வருகிறது. லுவாரின் தண்ணீர் அவற்றைக் குளிர்விக்கிறது. மாளிகைகளைப் படம் பிடிப்பவர்கள் அவற்றைப் படத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளைத் தள்ளுகிற கைகளில் அவற்றின் கையும் உண்டு. தன் உடம்பு படாத சிரமத்தை வேறு யாரோ, வேறு ஏதோ பட்டே தீர வேண்டும். அதை அறிந்து உதவி பெறுகிறவனுக்கு நன்றி வரும், அளவும் வரும். அறியாமல் பெறுகிறவனுக்கு அலட்சியம்தான் வரும்.

ஆகவே உதவியை ஏற்பதா மறுப்பதா என்பதற்கு உரைகல் சிரமம் அல்ல. அந்த உதவி நம்மை இடத்தோடு நெருங்கச் செய்கிறதா, இடத்திலிருந்து பிரிக்கிறதா என்பதுதான். முழங்கால் வலியால் வீட்டோடு கிடக்க வேண்டிய ஒரு மனுஷியை மோட்டார் அந்த மணல் திட்டுகளின் அருகே கொண்டு வந்து விடுமானால், அது அவளுக்குக் கண்ணைக் கொடுத்திருக்கிறது. அதே மோட்டார், ஒரே நாளில் எட்டு மாளிகைகளைப் பார்த்து முடித்து விட வேண்டும் என்ற ஆத்திரத்தில் ஒருவனை விரட்டுமானால், இருந்த கண்ணையும் பிடுங்கி விட்டது. மோட்டார் ஒன்றுதான், மனிதர்கள்தான் வேறு. வெலோஸியோவின் கியரும் இப்படித்தான். மலையிலிருந்து தப்பிக்க அவர் அதைக் கேட்கவில்லை. மலையில் இருக்கும்போது தலையை நிமிர்த்திப் பார்க்கக் கொஞ்சம் மூச்சு மிஞ்சட்டும் என்று கேட்டார்.

சைக்கிளை விட்டு வீட்டுக்குள் வந்தாலும் இதே வழக்குத்தான். எந்தக் குடும்பத்திலும் ஒரு தெக்ராஞ்ச் இருக்கிறார். "நான் பத்து மைல் நடந்து போய்ப் படித்தேன், உனக்கு மட்டும் என்ன வண்டி வேண்டியிருக்கிறது?" என்கிறார். "நான் இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் பட்டதில் கால் பங்கு நீ படுகிறாயா?" என்கிறாள் ஒருத்தி. அவர்கள் பட்ட கஷ்டம் உண்மை; அதற்குரிய மரியாதையை யாரும் குறைக்கக் கூடாது. ஆனால் கஷ்டத்தை ஒரு சொத்தாகச் சேர்த்து வைத்து, அடுத்தவன் அதே விலையைக் கொடுத்தால்தான் சுகத்தின் கதவைத் திறப்பேன் என்று வாசலில் உட்கார்ந்து கொள்ளும்போது அது கர்வமாகி விடுகிறது. பணத்தின் கர்வத்தை உலகம் சுலபத்தில் அடையாளம் கண்டு கொள்ளும். சிரமத்தின் கர்வம் தியாகத்தின் உடையில் வருவதால் அதைக் கண்டுபிடிப்பது கடினம். அதை உடையவர்களுக்கே கடினம்.

பிரெஞ்சு தேசம் இந்தப் பாடத்தை ஒரு முறை பெரிய அளவில் படித்தது. 1936-ல், பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகு, லியோன் ப்ளூம் தலைமையில் இருந்த அரசாங்கம் தொழிலாளிகளுக்கு வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் செய்தது. அந்தக் கோடையில் ஆலைத் தொழிலாளிகள் தங்கள் வாழ்நாளில் முதல் தடவையாக ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். ரயிலில் சிலர், சைக்கிளில் பலர். புருஷனும் மனைவியும் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக் கொண்டு போனார்கள். அதுவரை விடுமுறைத் தலங்களைத் தங்களுக்கே உரியவையாக எண்ணியிருந்த கனவான்களில் சிலர் முகம் சுளித்தார்கள். சம்பளமும் வாங்கிக் கொண்டு சும்மா இருப்பதா என்று கேட்டவர்களும் உண்டு. வருஷம் முழுவதும் யந்திரத்தின் முன் நின்றவனைப் பார்த்து, வருஷம் முழுவதும் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்ட கேள்வி அது! சிரமத்துக்குத்தான் இன்பம் கூலி என்பது உண்மையில் அவர்கள் கொள்கையாக இருந்திருந்தால், அந்தத் தொழிலாளிகளுக்கு அவர்கள் நதிக்கரை முழுவதையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கொள்கை எப்போதும் அடுத்தவன் கதவைச் சாத்தத்தான் பயன்படுகிறது. தன் கதவைத் திறக்கும்போது யாரும் அதைக் கலந்து ஆலோசிப்பதில்லை.

அந்தத் தொழிலாளிகளிடம் சிரமத்துக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அவர்களுக்கு இல்லாமல் இருந்தது பொழுது. நதியைப் பார்க்க வேண்டியிருப்பதும் அதுதான். மணல் திட்டின் மேல் ஒரு பறவை எழுந்து போகும்வரை சைக்கிளைச் சாய்த்து விட்டு நிற்பதற்குப் பொழுது வேண்டும்; நிற்பதற்கு மனம் வேண்டும். இந்த இரண்டும் உள்ளவன் எந்தச் சைக்கிளில் வந்தால் என்ன?

வெலோஸியோ சைக்கிள் யாத்திரிகர்களுக்குச் சில விதிகளை எழுதி வைத்தார். பசிக்கும் முன்னே சாப்பிடச் சொன்னார். தாகம் எடுக்கும் முன்னே தண்ணீர் குடிக்கச் சொன்னார். சோறும் தூக்கமும் பிடிக்காமல் போகிற அளவுக்குக் களைத்துப் போகாதே என்றார். இவையெல்லாம் உடம்புக்கு. அவருடைய விதிகளில் ஒன்று மட்டும் உடம்பைத் தாண்டியது: பெருமைக்காக மிதிக்காதே என்பது அது. 1930-ல் ஸான் எத்தியென் தெருவில் டிராம் வண்டி மோதி அவர் இறந்தார். அவர் வாதாடிய கியர் அதற்குள் உலகத்துச் சைக்கிள்களில் ஏறத் தொடங்கி விட்டது. பந்தயத்தில் அது ஏற இன்னும் ஏழு வருஷம் ஆயிற்று. அந்தக் கடைசி விதி மனிதர்களின் மனத்தில் ஏற எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது.

நதி கடலோடு சேரும் இடத்தில், ஸான் பிரவேன் என்ற ஊரின் கடற்கரையில் அந்தப் பாதை முடிகிறது. எதிர்க்காற்றில் வந்தவனும் அங்கே வந்து சேருகிறான்; மோட்டாரின் தயவில் வந்தவனும் வந்து சேருகிறான். இருவர் காலிலும் ஒரே அலைதான் வந்து படுகிறது. எத்தனை நாள், எத்தனை கிலோமீட்டர் என்று ஒருவரையொருவர் விசாரித்துக் கொள்வார்கள், அதில் தவறில்லை. ஆனால் வழியில் என்ன பார்த்தீர்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவர்களுக்கு, யார் அதிகம் சிரமப்பட்டார் என்பது சீக்கிரத்தில் மறந்து போகும்.